32 ஜிபி லேப்டாப்: ரீசெட்டா, பென்டிரைவா?

32 ஜிபி என்று விற்ற பழைய லேப்டாப்பில் விண்டோஸ் 10 காட்டுவது 29 ஜிபி சொச்சம்தான். அதிலும் பெரும்பகுதியை விண்டோஸே விழுங்கிவிடும். அப்டேட் ஏறக்கூட இடம் இருக்காது. துடைத்துப் புதிதாக்க இரண்டு வழி.

செட்டிங்ஸில் உள்ள 'ரீசெட் திஸ் பிசி' சுலபம். எதுவும் வாங்க வேண்டாம், நாலைந்து கிளிக்தான். ஆனால் அது புதிய விண்டோஸைத் தயார் செய்த பிறகே பழையதை அகற்றும். கொஞ்ச நேரமாவது இரண்டுக்கும் இடம் வேண்டும். நிரம்பி வழியும் டிஸ்க்கில் அது எங்கே கிடைக்கும்? இடம் போதாது என்று பாதியில் நிற்பது இதனால்தான். கிளவுட் டவுன்லோடு (விண்டோஸை நெட்டிலிருந்து இறக்குவது) என்றால் 4 ஜிபிக்கு மேலும் டேட்டா போகலாம்.

8 ஜிபி பென்டிரைவ் வழிக்கு இன்னொரு கம்ப்யூட்டர் வேண்டும். அதில் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலை ஓட்டி விண்டோஸைப் பென்டிரைவில் ஏற்றி, அந்தப் பென்டிரைவிலிருந்து லேப்டாப்பை பூட் செய்ய (கிளப்ப) வேண்டும். மெனக்கெடல்தான். ஆனால் இன்ஸ்டால் கோப்புகள் வெளியிலேயே இருப்பதால் உள்ளே காலியிடமே தேவையில்லை. பழைய பார்ட்டிஷன்களை (டிஸ்க்கின் பிரிவுகளை), கம்பெனி வைத்த ரெக்கவரி பார்ட்டிஷன் உட்பட, அழித்துவிடலாம். சில ஜிபி மிஞ்சும். ஏற்கெனவே ஆக்டிவேட் ஆன லேப்டாப் என்றால் நெட் கிடைத்ததும் லைசென்ஸ் பெரும்பாலும் தானே வந்துவிடும். வைஃபை டிரைவரை (வைஃபையை இயக்கும் மென்பொருளை) மட்டும் முன்பே எடுத்து வையுங்கள். குடும்பப் படங்களையும்தான், தயவுசெய்து.

என் ஓட்டு பென்டிரைவுக்கே. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11 குறைந்தது 64 ஜிபி கேட்கும். அதே பென்டிரைவ் மூலம் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை லேப்டாப்பில் ஏற்றினால் 20 ஜிபியில் அடங்கும்.