இ-சிம் மாற்ற ஆபிசர்ஸ் லைன் கடை: நம்பிப் போகலாம்

அம்மாவின் நம்பரை இ-சிம்முக்கு (தனி அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே இருக்கும் சிம்) மாற்ற வேலூர் ஆபிசர்ஸ் லைனில் ஒரு சின்னக் கடைக்குப் போனோம். வேலை சுத்தம். ஆதாரைச் சரிபார்த்த பிறகு, கவுண்டரில் இருந்த பெண் அம்மாவின் போனிலேயே *#06# அழுத்தச் சொல்லி, 89-இல் தொடங்கும் 32 இலக்க இஐடி எண்ணை (போனில் உள்ள இ-சிம் சிப்பின் அடையாள எண்) நான்கு நான்காகப் படித்துச் சரிபார்த்தார். கியூஆர் கோடு திரையில் வந்ததும் அம்மாவின் போனில்தான் ஸ்கேன் செய்யவைத்தார். தன் போனில் படம் எடுக்கவே இல்லை.

"அம்மா, இந்தக் கோடை யாருக்கும் வாட்ஸ்அப்புல அனுப்பாதீங்க. மொதல்ல யார் ஸ்கேன் பண்றாங்களோ, நம்பர் அவங்களுக்குப் போயிடும்" என்றார். நம்பர் போனால் வங்கி ஓடிபியும் கூடவே போகும். இதை இவ்வளவு பொறுமையாகச் சொல்லும் கடை அபூர்வம்.

அப்புறம் சிம்முக்கு 'பின்' (PIN) என்ற பூட்டு எண் போட்டோம். மூன்று முறை தப்பாக அடித்தால் பூட்டிக்கொள்ளும், திறக்க சிம் நிறுவனம் தரும் 'பக்' (PUK) எண் வேண்டும் என்பதையும் சொன்னார்.

ஒரே குறை: சிம் மாற்றினால் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது என்பதை முன்பே சொல்லவில்லை. பாதுகாப்புக்கான நல்ல விதிதான். ஆனால் மருத்துவமனைக்குப் பணம் கட்டும் நாளில் ஓடிபி வராமல் தவித்தோம். அவசர வேலை இருக்கும் நாளில் போகாதீர்கள்.