உப்பு ஏரிச் செடியை எங்கே வைத்துக் காப்பது?

எங்கள் பாடசாலைச் சுற்றாடல் கழகத்தில் போன தவணை ஒரு கேள்வி கேட்டேன். பாலைவன உப்பு ஏரியின் ஓரத்தில் மட்டும் வாழும் ஒரு செடி இருக்கிறது. அதைக் காக்க ஒரே ஒரு வேலைக்குத்தான் பணம் உண்டு. என்ன செய்வீர்கள்? நுவரெலியாவுக்குப் பக்கத்து ஹக்கல தாவரவியல் பூங்கா மாதிரி ஓரிடத்துக்குக் கொண்டுவந்து வளர்க்கலாம் என்றார்கள் பெரும்பாலானோர். விதையைக் குளிரறையில் வைக்கலாம் என்றார்கள் சிலர். இருக்கிற இடத்திலேயே காக்க வேண்டும் என்றவர்கள் இரண்டு பேர்தான். நான் அந்த இருவரின் பக்கம். ஆனாலும் மற்ற இரண்டு வழிகளையும் எடுத்த எடுப்பில் தள்ளிவிட முடியாது.

முதலில் செடியைப் பார்ப்போம். அமெரிக்காவின் நெவாடா, கலிபோர்னியா எல்லையில் அமர்கோசா என்றொரு ஆறு. ஸ்பானிய மொழியில் அந்தப் பெயருக்குக் கசப்பு என்று பொருள். பெரும்பகுதி மண்ணுக்கடியிலேயே ஓடி, கடல் மட்டத்துக்கு 86 மீற்றர் கீழே இருக்கும் உப்புப் படுகையில் போய் முடிகிறது. அந்த ஆற்றுப் பள்ளத்தாக்கின் உவர் நிலத்தில் வளர்வதுதான் அமர்கோசா நைட்டர்வோர்ட். ஒரு விரல் உயரம் இருக்கும். சதைப்பற்றான சிறிய இலைகள். மண்ணுக்கடியில் தண்டு ஓடிப் பரவும். நிலத்தடி நீர் மண்ணின் நுண்துளைகள் வழியாக மேலேறி, வெயிலில் ஆவியாகி, உப்பை வெள்ளைப் பொருக்காக விட்டுப்போகும். அந்தப் பொருக்கைப் பிளந்துகொண்டு பச்சையாக நிற்கும் செடி இது. 1985இல் அமெரிக்க அரசு இதை அழியும் ஆபத்திலுள்ள இனமாகப் பட்டியலிட்டது.

இதைப் பூங்காவில் வளர்த்தால் என்ன? தேயிலை நாற்றுமேடையைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இந்த யோசனையின் கவர்ச்சி நன்றாகத் தெரியும். ஓர் இலையும் ஒரு கணுவும் உள்ள துண்டை வெட்டி, மண் நிரப்பிய பொலித்தீன் உறையில் ஊன்றி, நிழலும் ஈரமும் கொடுத்தால் அடுத்த ஆண்டு கன்று தயார். தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் ‘டி.ஆர்.ஐ. 2025’ என்ற தேயிலை வகை இப்படித்தான் மலை மலையாகப் பரவியது. ஆனால் அத்தனை செடியும் ஒரே செடி. ஒன்றைத் தாக்கும் நோய் எல்லாவற்றையும் தாக்கும். நாலைந்து தாய்ச் செடிகளை வைத்துப் பூங்காவில் பெருக்கும் அரிய இனத்துக்கும் இதே கதிதான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. உப்பு மண்ணில் வாழும் செடிகள் பலவும் உப்பைத் தாங்குகின்றன. மற்றச் செடிகள் தாங்குவதில்லை. அதனால் அங்கே போட்டி குறைவு. உப்புதான் அவற்றுக்கு வேலி. நல்ல மண்ணில் கொண்டுவந்து நட்டால், கூடவே வரும் புல்லே அவற்றை மூடிவிடும். தோட்டக்காரர் நாள்தோறும் களை பிடுங்கினால்தான் செடி பிழைக்கும். அவர் ஓய்வு பெற்ற பிறகு?

விதை வங்கியை நான் இதைவிட மேலாக மதிக்கிறேன். இங்கிலாந்தின் வேக்ஹர்ஸ்டில் உள்ள மிலேனியம் விதை வங்கியில் விதைகளை நன்றாக உலர்த்தி மைனஸ் 20 பாகை செல்சியஸில் வைக்கிறார்கள். பாலைவனச் செடிகள் பலவற்றின் விதை இயல்பாகவே உலர்ச்சியைத் தாங்கும். அந்த நிலத்துக்கு இது பொருத்தமான காப்புறுதி. நம் மலைக்காட்டுக்கு இதை அப்படியே எடுத்துவர முடியாது. ஈரக்காட்டு மரங்கள் பலவற்றின் விதை காய்ந்தால் செத்துவிடும். தேயிலை விதையும் அந்தச் சாதிதான். விதைத் தேயிலைக் காலத்தில் வேலை செய்த என் அப்பாயி, பொறுக்கி வந்த விதையை வாளித் தண்ணீரில் கொட்டுவாராம். மூழ்கியது மேடைக்கு, மிதந்தது குப்பைக்கு. காய்ந்து லேசானதில் உயிர் இல்லை என்பதை அவர் கையே சொல்லிவிடும்.

விதை உயிரோடு இருந்தாலும் ஒரு நாள் அதை எங்காவது விதைக்க வேண்டுமே. அந்த நிலத்தடி நீர் இறங்கிப்போயிருந்தால் எங்கே விதைப்பது? குளிரறையில் அந்தப் பூவுக்கு வரும் வண்டு இல்லை, மண் இல்லை, அடியில் ஊறும் நீர் இல்லை.

இனி இடத்தைக் காப்பது. அதே அமர்கோசாப் பள்ளத்தாக்கில் ஆஷ் மெடோஸ் என்ற ஊற்றுநிலம் இருக்கிறது. 1960களில் அதன் சதுப்பை வடித்து, மக்கிய தாவரப் படிவத்தைத் தோண்டினார்கள். பிறகு பெரும் பண்ணை வந்து கிணறுகளால் நீரை இறைத்தது. பக்கத்திலுள்ள டெவில்ஸ் ஹோல் என்ற பாறைக்குழியின் நீர்மட்டம் இறங்கி, அங்கே மட்டும் வாழும் சிறு மீனுக்கு ஆபத்து வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மீன் பிழைக்கத் தேவையான நீர்மட்டத்துக்குக் கீழே போகும்படி இறைக்கக் கூடாது என்று 1976இல் தீர்ப்பு வந்தது. ஒரு விரல் நீளம்கூட இல்லாத மீன், ஒரு பள்ளத்தாக்கின் தண்ணீரை நிறுத்திவைத்தது! அடுத்து அங்கே வீடுகள் கட்டத் திட்டம் எழுந்தபோது, இயற்கைப் பாதுகாப்பு அமைப்பொன்று நிலத்தை வாங்கி அரசிடம் கொடுத்தது. 1984இல் அது தேசிய வனவிலங்குப் புகலிடமானது. நைட்டர்வோர்ட்டோடு இன்னும் பல செடிகள் அங்கே தம் மண்ணிலேயே நிற்கின்றன.

செலவு அதிகம், வழக்கு நீளும், பகை சேரும். இவையெல்லாம் இந்த வழியின் உண்மையான குறைகள். வேலி போட்டதும் வேலை முடிந்துவிடாது. அந்நிய மரமான தமரிஸ்கை அங்கே இன்றும் அகற்ற வேண்டியிருக்கிறது. ஆனால் தண்ணீரைக் காத்தால் ஒரு செடி மட்டுமல்ல, அதன் அண்டை அயலும் பிழைக்கிறது. அதனால் முதல் பணம் நிலத்துக்கும் நீருக்கும், மிஞ்சினால் விதைக்கு, பூங்கா கடைசியில்தான். செடி நாலைந்தே மிஞ்சியிருந்தால் மட்டும் வரிசையை மாற்றுவேன்: அன்றைக்கே விதையும் துண்டும் எடுத்துவிட வேண்டும்.

நம் மலைநாட்டு ஹோர்ட்டன் சமவெளியில் இதற்கு நம்மிடமே சாட்சி உண்டு. 1960களில் அங்கே விதை உருளைக்கிழங்கு போட்டார்கள். 1969இல் அது இயற்கை ஒதுக்ககமானது, 1988இல் தேசியப் பூங்கா. பாத்தி போட்ட இடங்களில் இயற்கைத் தாவரங்கள் இன்னும் பழையபடி திரும்பவில்லை. வெள்ளைக்காரர் காலத்தில் வந்த மஞ்சள் பூ கோர்ஸ் முட்புதரும் சமவெளியில் பரவியிருக்கிறது. அடுத்த தவணை பிள்ளைகளை அழைத்துப்போகும்போது ‘உலக முடிவு’ என்ற செங்குத்துப் பாறை விளிம்புக்கு நேரே நடக்கப்போவதில்லை. முதலில் அந்தப் புல்வெளி ஓரத்தில் நிறுத்தி, பக்கத்துக் காட்டின் கிளையில் பாசி பிடித்துவைத்திருக்கும் பனிநீர் சொட்டுவதைப் பார்க்கச் சொல்வேன். பிறகு அதே கேள்வியை மறுபடியும் கேட்பேன்.