திருச்சியா சென்னையா, ஒன்றரை மணி நேரமா நாலு மணி நேரமா: டெல்டாக்காரர்களுக்கான கனெக்ஷன் கணக்கு

கும்பகோணத்திலிருந்தோ மன்னார்குடியிலிருந்தோ வெளிநாட்டுக்குக் கிளம்பும் குடும்பங்கள் டிக்கெட் தேடும்போது முதலில் விலையைப் பார்க்கிறார்கள், அடுத்து மொத்தப் பயண நேரத்தை. சீக்கிரம் போய்ச் சேரலாமே என்று கண்ணை இழுக்கும் டிக்கெட்டில், நடுவில் விமானம் மாறுவதற்குப் பெரும்பாலும் ஒன்றேகால் மணி, ஒன்றரை மணி நேரம்தான் விட்டிருப்பார்கள். பக்கத்திலேயே நாலு மணி நேரம் காத்திருக்கச் சொல்லும் டிக்கெட்டும் இருக்கும். "நாலு மணி நேரம் சும்மா உட்கார்ந்து என்ன பண்றது தம்பி?" என்று கேட்காத பெரியவர்கள் எங்கள் பக்கத்தில் குறைவு.

சொந்தக்காரர்களுக்கும் தெருக்காரர்களுக்கும் டிக்கெட் பார்த்துக் கொடுப்பவன் என்ற முறையில் நான் பெரும்பாலும் அந்த நாலு மணி நேரத்தின் பக்கம்தான். ஒவ்வொரு டிக்கெட்டையும் பார்க்கும்போது நான் கேட்டுக்கொள்வது ஒன்றே: இந்தக் கனெக்ஷன் தவறினால் அடுத்த விமானம் எப்போது, அதற்குப் பணம் யார் கொடுப்பது? பதில் ஊருக்கு ஊர் மாறும், டிக்கெட்டுக்கு டிக்கெட் மாறும்.

ஒன்றரை மணி நேரத்தில் என்ன மிஞ்சும்?

ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் குறைந்தபட்ச இணைப்பு நேரம் என்று ஒன்று உண்டு. பிராங்க்ஃபர்ட்டில் பொதுவாக 45 நிமிடம், வியன்னாவில் 25 நிமிடம். அதற்குக் குறைவான இடைவெளியை விமான நிறுவனங்கள் ஒரே டிக்கெட்டாக விற்பதில்லை. இதைத் தெரிந்துகொண்ட பிள்ளைகள் சிலர், "கம்பெனியே விற்கிறது, அப்படியானால் பிடித்துவிடலாம்" என்று பெற்றோருக்கு அந்த டிக்கெட்டையே போட்டுவிடுகிறார்கள். விமானம் சரியான நேரத்துக்கு வந்து, வழி தெரிந்தவர் வேகமாக நடந்தால் போதுமான நேரம் அது. முதல்முறை போகும் அறுபத்தைந்து வயது அம்மாவை மனதில் வைத்து யாரும் அதை வகுக்கவில்லை.

90 நிமிடத்தைப் பிரித்துப் பாருங்கள். விமானம் வந்து நின்ற பிறகு பின்வரிசைக்காரர் வாசலைத் தாண்ட 20 நிமிடம் ஆகலாம். மாறும் இடத்தில் பாதுகாப்புச் சோதனை வரிசைக்கு இன்னொரு 20. அடுத்த விமானத்தின் கேட்டைப் புறப்பாட்டுக்கு 15, 20 நிமிடம் முன்பே மூடிவிடுவார்கள். மிஞ்சுவது அரை மணி நேரம். நடப்பது, கழிப்பறை போவது, திரையில் கேட் எண்ணைத் தேடுவது எல்லாம் அதற்குள்தான். முதல் விமானமே அரை மணி தாமதமாக வந்தால் அதுவும் போச்சு. சக்கர நாற்காலி கேட்டிருந்தால் நேரம் மிச்சமாகும் என்று நினைக்கிறார்கள். உதவி கேட்டவர்களைப் பொதுவாகக் கடைசியாகத்தான் இறக்குவார்கள். அதனால் அவர்களுக்கு இன்னும் கூடுதலாகத்தான் வேண்டும். ஒரே ஒரு கைப்பையோடு அலுவலக வேலையாகப் போகும் இளைஞருக்கு, அன்றைக்கே இன்னும் இரண்டு மூன்று விமானங்கள் உள்ள வழியில், ஒன்றரை மணி நேரம் சரி. மற்றவர்களுக்கு நான் போட மாட்டேன்.

ஒரே டிக்கெட்டா, இரண்டு டிக்கெட்டா?

இடைவெளியைவிடப் பெரிய விஷயம் இதுதான். முழுப் பயணமும் ஒரே பி.என்.ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில் இருந்தால், முதல் விமானத்தின் தாமதத்தால் இரண்டாவது தவறும்போது அடுத்ததில் ஏற்றி அனுப்புவது நிறுவனத்தின் பொறுப்பு. பெட்டியையும் பொதுவாகக் கடைசி ஊர்வரை டேக் போட்டுவிடுவார்கள். தனித்தனியாக வாங்கிய இரண்டு டிக்கெட்டில் இந்த இரண்டுமே கிடையாது. இரண்டாவது நிறுவனத்தைப் பொறுத்தவரை நீங்கள் வராத பயணி. அந்த டிக்கெட் போனது போனதுதான்.

அப்புறம் பெட்டி. திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு ஒரு நிறுவனம், அங்கிருந்து மெல்போர்னுக்கு வேறொரு நிறுவனம் என்று பிரித்து வாங்கினால் பெட்டி சிங்கப்பூரோடு நின்றுவிடும். அதை எடுக்க இமிகிரேஷனைத் தாண்டி வெளியே வர வேண்டும். இந்திய பாஸ்போர்ட்டுக்கு சிங்கப்பூர் விசா தேவை. சில குறிப்பிட்ட நாடுகளின் விசா வைத்திருப்பவர்களுக்கு மட்டும் நிபந்தனைகளோடு 96 மணி நேரச் சலுகை உண்டு. எங்கள் உறவில் ஒரு பெரியம்மாவுக்கு ஓர் ஏஜென்ட் இப்படித்தான் பிரித்துப் போட்டுக் கொடுத்தார், எதையும் சொல்லவில்லை. திருச்சி கவுன்டரிலேயே சிங்கப்பூர் விசா எங்கே என்று கேட்டு நிறுத்திவிட்டார்கள். மகன் அங்கிருந்து புது டிக்கெட் எடுத்து அனுப்பும்வரை பெரியம்மா பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். ஏழெட்டாயிரம் மிச்சம் என்பதற்காக அவர் அந்தப் பாடு பட்டிருக்க வேண்டாம்.

கோலாலம்பூரில் இந்த விசா சிக்கல் குறைவு. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் மலேசியாவுக்குள் போகலாம், இணையத்தில் வருகை அட்டையை மட்டும் முன்கூட்டியே நிரப்ப வேண்டும். சலுகை உங்கள் பயணத் தேதியில் நடப்பில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே கவனிக்க வேண்டியது டெர்மினல். ஏர் ஏசியா இரண்டாவது டெர்மினல், மலேசியா ஏர்லைன்ஸ் முதல் டெர்மினல். நடுவே ரயில் பிடிக்க வேண்டும். தனித்தனி டிக்கெட்டில் இந்த இரண்டையும் சேர்ப்பவர் குறைந்தது ஐந்து மணி நேரமாவது விட வேண்டும். தனி டிக்கெட்டுக்கு எந்த ஊரிலும் என் கணக்கு ஐந்திலிருந்து ஆறு மணி நேரம். இரண்டாவது விமானம் அன்றைய கடைசி விமானம் என்றால் ஓர் இரவு இடைவெளி.

திருச்சியிலிருந்து கிளம்பினால்

தஞ்சாவூரிலிருந்து திருச்சி விமான நிலையத்துக்கு ஒன்றரை மணி நேரம் போதும். கும்பகோணத்துக்காரர்கள் இரண்டரை, நாகப்பட்டினத்துக்காரர்கள் மூன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். 2024 ஜூனில் புது டெர்மினல் செயல்படத் தொடங்கிய பிறகு உள்ளே இட நெருக்கடியும் குறைந்திருக்கிறது.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜப்பான் பக்கம் போகிறவர்களுக்குத் திருச்சிதான் என் முதல் தேர்வு. ஸ்கூட் விமானத்தில் சிங்கப்பூர் போய், அங்கிருந்து சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் தொடர்வதை ஒரே டிக்கெட்டாக வாங்க முடியும். ஸ்கூட், சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் துணை நிறுவனம்தான். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் ஸ்கூட் முதல் டெர்மினலில் இறங்கும். அங்கிருந்து இரண்டாவது, மூன்றாவது டெர்மினல்களுக்கு உள்ளேயே ஸ்கைட்ரெயின் என்ற குட்டி ரயில் ஓடுகிறது, இமிகிரேஷன் தாண்ட வேண்டியதில்லை. இந்த மூன்று டெர்மினல்களிலும் பாதுகாப்புச் சோதனை பெரும்பாலும் கேட் வாசலிலேயே நடக்கும் என்பதால் கேட்டுக்குக் கொஞ்சம் முன்னதாகவே போய்விட வேண்டும். கைப்பையில் 100 மில்லிக்கு மேல் நெய்யோ தண்ணீரோ இருந்தால் அங்கே எடுத்துவிடுவார்கள். ஊறுகாயும் நெய்யும் பெரிய பெட்டிக்குள் போகட்டும். இந்த வழிக்கு இரண்டரை மணி நேரம் தாராளம். மெல்போர்ன், சிட்னிக்கு அங்கிருந்து ஒரு நாளைக்குப் பல விமானங்கள் இருப்பதால் தவறினாலும் பெரிய தவிப்பு இல்லை.

கொழும்பு வழி வேறு மாதிரி. திருச்சியிலிருந்து ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடலாம், நிலையம் சிறியது, நடை குறைவு, தமிழில் கேட்டால் பதில் சொல்ல ஆள் கிடைக்கும். வயதானவர்களுக்கு இதெல்லாம் பெரிய ஆறுதல். ஆனால் லண்டனுக்கோ மெல்போர்னுக்கோ ஸ்ரீலங்கன் விமானம் பெரும்பாலும் நாளுக்கு ஒன்றுதான். தவறினால் மறுநாள் வரை கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்காவில்தான். அதனால் கொழும்பு வழியில் இரண்டு மணி நேர இடைவெளி கிடைத்தாலும் அதைத் தள்ளிவிட்டு, நாலு மணி நேரத்துக்கு மேல் உள்ளதை எடுங்கள்.

சென்னையிலிருந்து கிளம்பினால்

அமெரிக்கா போகிறவர்களுக்குச் சென்னைதான் வசதி. துபாய், தோஹா, அபுதாபி, பிராங்க்ஃபர்ட், லண்டன் என்று எந்த வழியானாலும் ஒரே மாற்றத்தில் அமெரிக்காவின் பெரிய ஊர்களுக்குப் போய்விடலாம். அமெரிக்காவுக்குள்ளே இன்னொரு முறை மாறுவதை முடிந்தவரை தவிருங்கள். முதலில் இறங்கும் அமெரிக்க நிலையத்தில் இமிகிரேஷன் முடித்து, பெட்டியை எடுத்து, கஸ்டம்ஸ் தாண்டி, மறுபடி பெட்டியைக் கொடுக்க வேண்டும். கடைசி ஊர்வரை டேக் போட்டிருந்தாலும் பொதுவாக இதுதான் நடைமுறை. வேறு வழியில்லாமல் மாறத்தான் வேண்டும் என்றால் அங்கே மூன்று மணி நேரத்துக்குக் குறையக் கூடாது, நாலு மணி இருந்தால் நிம்மதி. மகன் இருக்கும் ஊரிலிருந்து மூன்று மணி நேரக் கார் தூரத்தில் ஒரு பெரிய விமான நிலையம் இருந்தால் அங்கேயே இறங்கிவிட்டு, அவரை வந்து அழைத்துப் போகச் சொல்வது எவ்வளவோ மேல்.

அபுதாபிக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. அமெரிக்க இமிகிரேஷனையும் கஸ்டம்ஸையும் அங்கேயே முடித்துவிடலாம். 2014 முதல் இந்த ஏற்பாடு இருக்கிறது. அமெரிக்காவில் இறங்கும்போது உள்நாட்டுப் பயணி மாதிரி நேராக வெளியே போகலாம். கேள்விகளை அபுதாபியிலேயே சந்திப்பதால் அங்கே இடைவெளி அதிகம் வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று அமெரிக்க விமானங்களுக்கான கூட்டம் சேர்ந்தால் வரிசை நீளும். மூன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். தனியாகப் போகும் பெற்றோருக்கு இந்த வழியைத்தான் நான் முதலில் பார்ப்பேன். விலை சில ஆயிரம் கூடினாலும் பரவாயில்லை.

தோஹாவில் எல்லாம் ஒரே டெர்மினலுக்குள் நடக்கும். துபாயில் எமிரேட்ஸிலிருந்து எமிரேட்ஸுக்கு மாறினால் மூன்றாவது டெர்மினலுக்குள்ளேயே முடிந்துவிடும். ஃபிளைதுபாய் விமானம் கலந்திருந்தால் இரண்டாவது டெர்மினலிலிருந்து பஸ்ஸில் போக வேண்டி வரலாம், அப்போது மூன்று மணி நேரம் தேவை. வளைகுடா வழியில் இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். 2024 ஏப்ரல் 16 மழையில் துபாய் நிலையம் பல நாள் தடுமாறியது. 2025 ஜூன் 23 இரவு கத்தார் தன் வான்வெளியையே மூடியது. இப்படிப்பட்ட நாட்களில் எந்த இடைவெளியும் காப்பாற்றாது. ஒரே டிக்கெட் என்பது மட்டும்தான் கைகொடுக்கும்.

ஐரோப்பா வழியில் போகிறவர் கடைசியாக இறங்கும் ஊரைப் பார்க்க வேண்டும். பிராங்க்ஃபர்ட் வழியாக நியூயார்க் போகிறவர் ஜெர்மனிக்குள் நுழைவதில்லை, இரண்டரை மணி நேரம் போதும். பிராங்க்ஃபர்ட் வழியாக ரோம் போகிறவருக்கு ஷெங்கன் (பொது எல்லை கொண்ட ஐரோப்பிய நாடுகள்) இமிகிரேஷன் பிராங்க்ஃபர்ட்டிலேயே நடக்கும். 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக வந்த புதிய நுழைவுப் பதிவு முறையில் கைரேகையும் புகைப்படமும் எடுக்கிறார்கள். முதல்முறை பதிவு செய்பவர் மூன்று மணி நேரம் விடட்டும். லண்டனில் உள்ளேயே மாறுவதற்கும் இந்தியர்களுக்கு ட்ரான்சிட் விசா தேவைப்படும். செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருப்பவர்களுக்குப் பொதுவாக விலக்கு உண்டு. டிக்கெட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும்.

ஊரிலிருந்து சென்னை வரை

நம்மைப் பொறுத்தவரை முதல் கனெக்ஷன் மன்னார்குடியிலேயே தொடங்கிவிடுகிறது. கணினித் திரை அதைக் காட்டாது. சென்னைக்குப் போக மூன்று வழி.

மன்னை, உழவன் மாதிரியான இரவு ரயில்களில் போய்த் தாம்பரத்தில் இறங்கலாம். அங்கிருந்து மின்சார ரயிலில் திரிசூலம் வந்தால் எதிரே விமான நிலையம். விமானம் அன்று இரவோ மறுநாள் அதிகாலையோ இருந்தால் இதுவே சிறந்த வழி, பகல் முழுக்க கையில் இருக்கும். காலை பத்து மணி விமானத்துக்கு இரவு ரயிலை நம்ப வேண்டாம்.

காரில் போகிறவர்கள் கும்பகோணத்திலிருந்து ஆறு, ஏழு மணி நேரத்தில் போய்விடலாம் என்பார்கள். பொங்கல், தீபாவளி முடிந்து எல்லோரும் சென்னை திரும்பும் நாளில் செங்கல்பட்டிலிருந்து தாம்பரம் வரை உள்ள தூரமே அந்தக் கணக்கைக் கெடுத்துவிடும். இரண்டு மணி நேரம் கூடுதலாக வையுங்கள்.

மூன்றாவது, திருச்சியிலிருந்து சென்னைக்கு விமானம். தனி டிக்கெட்டாக எடுத்தால் சென்னையில் உள்நாட்டு டெர்மினலில் பெட்டியை எடுத்துக்கொண்டு பன்னாட்டு டெர்மினலுக்கு நடக்க வேண்டும். பன்னாட்டு செக்-இன் பெரும்பாலும் 60 நிமிடம் முன்பே மூடிவிடும். ஐந்து மணி நேர இடைவெளி இருந்தால் எடுக்கலாம். இரண்டரை மணி நேரத்தை நம்பி எடுப்பதை நான் தடுத்துவிடுவேன்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இவை எல்லாவற்றுக்கும் மேலே மழை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் பல நாள் மூடிக் கிடந்தது. 2023 டிசம்பர் 4-இல் மிக்ஜாம் புயலின்போதும், 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயலின்போதும் மறுபடி மூடினார்கள். அந்த இரண்டு மாதத்தில் போகிறவர்களுக்குத் திருச்சி வழி கொஞ்சம் விலை கூடினாலும் அதையே எடுக்கச் சொல்வேன். சென்னைதான் என்றால் முந்தைய நாளே போய்ப் பல்லாவரம் பக்கம் தங்கிவிடுங்கள்.

திரும்பி வரும்போது

வரும்போது கணக்கு கொஞ்சம் தளரலாம், ஒரு விஷயத்தைத் தவிர. டெல்லியிலோ மும்பையிலோ மாறி வருகிறவர்கள் இந்தியாவில் முதலில் இறங்கும் நிலையத்தில் இமிகிரேஷன், கஸ்டம்ஸ் முடித்துப் பெட்டியை எடுத்துத் திரும்பக் கொடுக்க வேண்டியிருக்கும். அங்கே நாலு மணி நேரம் வேண்டும். சென்னையில் இறங்கி ரயிலில் ஊர் வருகிறவர்கள், விமானம் இறங்கும் நேரத்திலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் புறப்படும் ரயிலில் படுக்கை போட வேண்டாம். அதிகாலையில் இறங்கினால் காலையில் எழும்பூரிலிருந்து கிளம்பும் சோழனைப் பிடிக்க ஓடாதீர்கள். குளித்துச் சாப்பிட்டுப் படுத்து எழுந்து, இரவு மன்னையில் வாருங்கள்.