டர்ன்டேபிளுக்கு அடியில் என்ன வைப்பது: நான்கு வருட அனுபவம்

என்னிடம் இருப்பது ப்ரோ-ஜெக்ட் டெபூ கார்பன் என்ற டர்ன்டேபிள் (இசைத்தட்டு பிளேயர்), அதில் ஆர்டோஃபான் 2எம் ரெட் கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கி அதன் அசைவை மின்சாரமாக்கும் பாகம்). மேற்கு மாம்பலத்தில் ஒரு பழைய வீட்டின் முதல் மாடி. வாங்கிய புதிதில் பிளேயரை ஹாலில் டிவி ஸ்டாண்டின் நடுவில் வைத்தேன். ஸ்பீக்கர்கள் அதே ஸ்டாண்டின் இரண்டு ஓரத்திலும் இருந்தன. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

சத்தம் குறைவாக இருந்தவரை ஒன்றும் தெரியவில்லை. கொஞ்சம் ஏற்றி நாகசுவரத் தட்டு ஒன்றைப் போட்டபோது தவிலின் ஒவ்வொரு அடிக்குப் பின்னாலும் ஒரு குழைவு கேட்டது. இன்னும் ஏற்றினால் அடியில் "ஊம்ம்" என்ற உறுமல் வந்து, குறைக்கும் வரை வளர்ந்துகொண்டே போனது. ஸ்பீக்கரின் துணி மூடியைக் கழற்றிப் பார்த்தேன். பாட்டுக்குச் சம்பந்தமே இல்லாமல் வூஃபர் (தாழ்ந்த ஒலிகளுக்கான பெரிய கூம்பு) உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருந்தது, தூங்குகிறவரின் வயிறு போல.

இசைத்தட்டின் பள்ளம் ஏறத்தாழ ஒரு தலைமுடி அகலம்தான். அதற்குள் மெல்லிய ஒலிகளுக்கு ஊசி அசைவது ஒரு மைக்ரானுக்கும் குறைவு. அந்த அசைவு தட்டிலிருந்து வருகிறதா, மேசையிலிருந்து வருகிறதா என்று ஊசிக்குப் பிரித்தறியத் தெரியாது. போதாததற்கு, ஊசியின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் போனோ ஆம்ப்ளிஃபயர், இசைத்தட்டுகளுக்கான ஆர்ஐஏஏ என்ற பொதுத் தரக் கணக்குப்படி, 20 ஹெர்ட்ஸை 1000 ஹெர்ட்ஸைவிட ஏறத்தாழ ஒன்பது மடங்கு பெரிதாக்குகிறது. மேசை வழியாக ஏறுகிற தாழ்ந்த அதிர்வு அத்தனையும் பெருகி, ஸ்பீக்கருக்குப் போய், அங்கிருந்து மறுபடி மேசைக்கே வருகிறது.

அதிர்வைத் தடுக்க பிளேயருக்கு அடியில் வைக்க முதலில் வாங்கியது நான்கு ஜெல் அரைக்கோளங்கள். அவை கனமான ஆம்ப்ளிஃபயருக்கானவை; என் பிளேயர் ஆறு கிலோகூட இல்லை. கால் ஒன்றுக்கு ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவாகத்தான் பாரம். அவை துளியும் அழுந்தாமல் கல் போல நின்றன. அழுந்தாத ஜெல் எதையும் தடுக்காது. போதாக்குறைக்கு ஸ்டாண்டின் பாலிஷில் நான்கு எண்ணெய் வட்டங்கள் விழுந்தன, இன்றுவரை போகவில்லை.

அடுத்து வாங்கியவை மென்மையானவை, இரண்டரை மில்லிமீட்டர் அழுந்தின. ஸ்டாண்டை விரலால் தட்டினால் கேட்கும் "தொம்" குறைந்தது. ஆனால் வூஃபரின் ஆட்டம் அதிகமானது! இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதம் ஆனது. பொருள் எத்தனை மில்லிமீட்டர் அழுந்துகிறதோ அதன் வர்க்கமூலத்தால் 15.8-ஐ வகுத்தால், அது எந்த அதிர்வெண்ணில் ஊசலாடும் என்பது தோராயமாகக் கிடைக்கும். இரண்டரை மில்லிமீட்டருக்கு 10 ஹெர்ட்ஸ். கார்ட்ரிட்ஜும் அதைத் தாங்கும் கையான டோன்ஆர்மும் சேர்ந்து ஊசலாடும் அதிர்வெண்ணைக் கணக்கிட்டால் அதுவும் ஏறத்தாழ 10 ஹெர்ட்ஸ். ஊசி எங்கே பலவீனமாக இருக்கிறதோ அதே இடத்தில் நானே ஊஞ்சல் கட்டிவிட்டிருக்கிறேன். இப்படிப்பட்ட துணைப்பொருள் அதன் சொந்த ஊசல் அதிர்வெண்ணைப் போல 1.4 மடங்குக்கு மேலேதான் அதிர்வைத் தடுக்கும். ஊசலுக்குப் பக்கத்தில் பெரிதாக்கிக் காட்டும். விற்கிறவர்கள் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

பெரிய மாற்றம் வந்தது காசு செலவில்லாமல். எங்கள் ஹாலில் சுவரோடு சேர்த்துக் கட்டிய கடப்பா கல் அலமாரி உண்டு. பழைய பத்திரிகைகளைக் காலி செய்து பிளேயரை அங்கே ஏற்றினேன். தனியாக நிறுத்திய கடப்பா கல்லைத் தட்டினால் ணங்கென்று ஒலிக்கும். மூன்று பக்கமும் சுவருக்குள் பதிந்த கல் அப்படி ஒலிக்காது. ஒரு சோதனையும் செய்தேன். மோட்டாரை அணைத்து, நிற்கிற தட்டின் மேல் ஊசியை வைத்தேன். போனிலிருந்து ஸ்பீக்கரில் பாட்டு ஓடும்போது, ஊசிக்கு என்ன கேட்கிறது என்று ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிவு செய்தேன். ஸ்டாண்டில் இருந்தபோது மிருதங்கத்தின் தாளமே அடையாளம் தெரிந்தது. அலமாரியில் ஒரு மங்கலான முனகல் மட்டும்தான். துணைப்பொருள் வாங்க நினைப்பவர்கள் முதலில் இதைச் செய்து பாருங்கள்.

அப்புறம்தான் ஸ்பிரிங். 18 மில்லிமீட்டர் பிளைவுட் பலகையின் மேல் பிளேயர், பலகைக்கு அடியில் நான்கு ஸ்பிரிங் கால்கள். ஒவ்வொரு காலிலும் ஸ்பிரிங்குகளைக் கூட்டலாம், குறைக்கலாம். ஒரு சென்டிமீட்டர் அழுந்துமாறு வைத்தேன், அதாவது சுமார் 5 ஹெர்ட்ஸ். மூலைக்கு மூலை எடை வேறு என்பதால் ரசமட்டம் வைத்துச் சரிசெய்ய ஒரு ஞாயிறு முழுக்கப் போனது. வெறும் ஸ்பிரிங் ஆடிக்கொண்டே இருக்கும். உள்ளே சின்னப் பஞ்சுத் துண்டு செருகியதும் ஆட்டம் இரண்டு நொடியில் அடங்கியது. 1961-இல் அமெரிக்க ஒலிக்கருவி வடிவமைப்பாளர் எட்கர் வில்ச்சர் தன் ஏஆர் (அக்கூஸ்டிக் ரிசர்ச்) டர்ன்டேபிளில் சுழலும் தட்டையும் டோன்ஆர்மையும் ஒரே சட்டத்தில் பொருத்தி ஸ்பிரிங்கில் தொங்கவிட்டதும் இதே தத்துவம்தான். அதன் பெட்டியைத் தட்டினாலும் ஊசி தாவாது.

இசைத்தட்டின் மேல் வைக்கும் எடை என் காதுக்கு எந்த வித்தியாசமும் காட்டவில்லை. இசைத்தட்டுக்கு அடியில் போடும் கார்க் விரிப்பும் அப்படியே. கண்ணாடி மூடியைக் கேட்கும்போது கழற்றி வைப்பது மட்டும் நிச்சயம் உதவுகிறது, அது ஸ்பீக்கர் காற்றை வாங்கி அதிர்கிறது.

இந்த அமைப்பு மூன்றாவது வருடத்தில் இருக்கிறது. பேஸ் (தாழ்ந்த ஒலி) கூடியதா என்று கேட்டால், இல்லை, குறைந்தது. முன்பு இருந்த பேஸில் பாதி டிவி ஸ்டாண்டுடையது. இப்போது மிருதங்கத்தின் தொப்பி (இடப்பக்க) அடி தொடங்குகிற இடமும் முடிகிற இடமும் தெரிகின்றன, இரண்டு அடிக்கு நடுவில் தம்புரா விட்டுப்போகாமல் கேட்கிறது. வருடத்துக்கு ஒரு முறை ரசமட்டம் வைத்துப் பார்க்கிறேன்.

வளைந்த தட்டு போட்டால் மட்டும் வூஃபர் இன்னமும் ஆடுகிறது. அந்த அசைவு தட்டிலேயே இருப்பது, அடியில் என்ன வைத்தாலும் அதை எட்டாது.