நாலு கட்ட டிபன் பாக்ஸ்: பேத்திக்குக் கொடுத்தனுப்பிய நான்கு மாதங்கள்

ஜூலை கடைசியில் திருச்சி பெரிய கடை வீதியில் ஒரு பாத்திரக் கடையில் இதை வாங்கினேன். விலை 780 ரூபாய். எவர்சில்வர் தட்டில் நாலு கட்டம், மேலே பிளாஸ்டிக் மூடி, மூடிக்குள் ரப்பர் வளையம், இரண்டு பக்கமும் கொக்கி. மூன்றாம் வகுப்பு படிக்கும் பேத்திக்காக வாங்கியது. சூடு நிற்கிறதா, சாம்பார் ஒழுகுகிறதா என்பதை எல்லோரும் எழுதுவார்கள், நானும் கீழே எழுதுகிறேன். ஆனால் நான் இதை வாங்கிய காரணம் வேறு. பள்ளியில் பிள்ளை என்ன சாப்பிட்டாள் என்பதை அவள் வாயாலேயே சரியாகத் தெரிந்துகொள்ள இது உதவுமா என்று பார்க்கத்தான் வாங்கினேன்.

ஜூனில் பேத்திக்கு ரத்தப் பரிசோதனை செய்தோம். ஹீமோகுளோபின் 9.4. அவள் வயதுக்கு 11.5-க்குக் கீழே இருந்தாலே ரத்தசோகை. டாக்டர் இரும்புச்சத்து சிரப் எழுதிக் கொடுத்துவிட்டு, உணவு ஆலோசகர் ஒருவரையும் பார்க்கச் சொன்னார். அந்த அம்மா காலையில் கொடுக்கும் டீயை நிறுத்தச் சொன்னார், அது இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைத் தடுக்குமாம். கீரையோ சுண்டலோ வைத்தால் கூடவே நெல்லிக்காய்த் துண்டோ எலுமிச்சைச் சாறோ இருக்கட்டும் என்றார். அப்புறம் ஒரு தாளைக் கொடுத்து, பிள்ளை ஒவ்வொரு வேளையும் என்ன சாப்பிடுகிறாள் என்று எழுதி வரச் சொன்னார்.

வீட்டில் சாப்பிடுவதை எழுதுவது சுலபம். மதியச் சாப்பாட்டில்தான் மாட்டிக்கொண்டோம். அப்போது இரண்டடுக்கு டப்பாவில் கொடுத்தனுப்பினோம். தினமும் காலியாகத்தான் வரும். இரவு எட்டரை மணிக்கு என் மகள் அந்தத் தாளை வைத்துக்கொண்டு கேட்பாள். பேத்தி சொல்வதை எழுதுவாள். நான் பக்கத்தில் இருந்து கேட்டபடி இருப்பேன். முருங்கைக்கீரை வைத்தனுப்பிய ஒரு நாள் "சாம்பார் சாதம், உருளைக்கிழங்கு" என்றாள் பிள்ளை. உருளைக்கிழங்கு முந்தின நாள் வைத்தது. மகளுக்குக் கோபம் வந்துவிட்டது. "பொய் சொல்றா அப்பா, கீரையைக் கொட்டியிருக்கா" என்றாள். பிள்ளை அழுதுவிட்டது.

அந்த அழுகையை என்னால் மறக்க முடியவில்லை. மறுநாளே வகுப்பு ஆசிரியையைப் பார்த்து விவரம் சொல்லி, மதிய வேளையில் வராந்தாவின் கடைசியில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேட்டேன். நல்ல மனுஷி, தலைமை ஆசிரியரிடம் பேசி வாங்கிக் கொடுத்தார். ஆறு நாள் உட்கார்ந்தேன். பிள்ளைக்கு என் முதுகுதான் தெரியும்படி உட்கார்ந்து, ஓரக்கண்ணால் பார்த்துச் சின்ன நோட்டில் குறித்தேன். மூன்று நாள் பள்ளி விட்டதும் 3.45-க்கு டிவிஎஸ் 50-இல் வரும்போது நான் கேட்டேன். மற்ற மூன்று நாள் வாயே திறக்காமல் இருந்து, இரவில் மகளைக் கேட்கவிட்டேன்.

கீரையை அவள் கொட்டவில்லை. பொரியல் வைத்த இரண்டு நாளும் பாதிக்கு மேல் சாப்பிட்டாள், மீதியைப் பக்கத்துப் பெண்ணுக்குக் கொடுத்தாள். அந்தப் பெண் லெமன் சாதம் இரண்டு வாய் கொடுத்தது. எதிரே இருந்த பையனிடமிருந்து சிப்ஸ் வந்தது. டப்பா காலி, ஆனால் காலியான டப்பா சொல்லும் கணக்கு வேறு, வயிற்றுக்குள் போன கணக்கு வேறு. இரவில் கேட்ட மூன்று நாளும் அவள் இரண்டு பண்டங்களுக்கு மேல் சொல்லவில்லை. லெமன் சாதமும் சிப்ஸும் ஒரு நாள்கூட வரவில்லை. ஒரு நாள் சுண்டல் சாப்பிட்டேன் என்றாள், அன்றைக்குச் சுண்டலே கிடையாது. வண்டியில் கேட்ட நாட்களில் நான்கைந்து பண்டம் சொன்னாள், பெரும்பாலும் சரி. அதிலும் ஒரு நாள் தயிர் சாதத்தை விட்டுவிட்டாள்.

உணவு ஆலோசகரிடம் நோட்டைக் காட்டினேன். அவர் ஆச்சரியப்படவில்லை. அமெரிக்காவில் சூசன் டோமல் பாக்ஸ்டர் என்ற ஆராய்ச்சியாளர் பல வருடம் இதையே செய்திருக்கிறார் என்றார். பள்ளி உணவுக்கூடத்தில் ஆட்களை உட்காரவைத்து, பிள்ளைகள் சாப்பிடுவதையும் கைமாற்றிக்கொள்வதையும் குறித்துக்கொண்டு, பிறகு பிள்ளைகளிடமே கேட்டு ஒப்பிட்டுப் பார்ப்பாராம். 2002-இல் வந்த ஓர் ஆய்வில் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் காலையும் மதியமும் சாப்பிட்ட பண்டங்களில் சராசரியாக 51 சதவீதத்தைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். சொன்னவற்றில் 39 சதவீதம் அவர்கள் சாப்பிடாதவை. பொய் சொல்லும் பிள்ளைகள் அல்ல, நினைவு அப்படி. சாப்பிட்டதற்கும் கேட்பதற்கும் இடைவெளி குறையக் குறையப் பதில் சரியாகிறது என்பதும் அந்த ஆய்வுகளில் தெரிந்ததாம். துருவித் துருவிக் கேட்பது சின்ன வகுப்புப் பிள்ளைகளிடம் உதவாது, சாப்பிடாததையும் சேர்த்துச் சொல்லவைத்துவிடும் என்றும் எச்சரித்தார்.

வீட்டுக்கு வந்து மகளிடம் 51, 39 என்ற எண்களைச் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய், தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

அதற்கு அடுத்த வாரம்தான் இந்தப் பாக்ஸை வாங்கினேன். அடுக்கு டப்பாவில் பொரியல் சாதத்தின் மேலேயே கிடக்கும், எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும், பிள்ளைக்கு நினைவிலும் அப்படியே கலந்திருக்குமோ என்று தோன்றியது. ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் இருந்தால் இடத்தை வைத்து நினைவு வருமா என்று பார்க்கலாம் என்று நினைத்தேன்.

வருகிறது. பெரிய கட்டத்தில் சாதம், நீளக் கட்டத்தில் பொரியல், இரண்டு சின்னக் கட்டங்களில் சுண்டலும் நெல்லிக்காயோ கொய்யாவோ. இந்த இடத்தை நாங்கள் மாற்றுவதே இல்லை. வண்டியில் வரும்போது நான் பண்டத்தின் பெயரைச் சொல்லிக் கேட்பதில்லை. "நீளக் கட்டத்துல என்னடா கண்ணு இருந்துச்சு?" என்று மட்டும் கேட்பேன். "பீட்ரூட் தாத்தா, பாதி அவளுக்குக் குடுத்துட்டேன், அவ எனக்கு முட்டை குடுத்தா" என்று தானாக வரும். ஆகஸ்டில் மறுபடி நான்கு நாள் வராந்தாவில் உட்கார்ந்து ஒப்பிட்டேன். பாக்ஸில் வைத்த எதையும் அவள் விடவில்லை. அடுத்தவர் கொடுத்தது மட்டும் இரண்டு முறை விட்டுப்போனது. அதற்குக் கட்டம் இல்லையே. இப்போது "வெளியிலேர்ந்து என்ன வந்துச்சு?" என்பதைக் கடைசிக் கேள்வியாகச் சேர்த்திருக்கிறேன். கொடுப்பதையும் வாங்குவதையும் திட்டுவதில்லை என்று வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொண்டோம். திட்டினால் அந்தப் பதில் நின்றுவிடும்.

இனி பாக்ஸின் குறைகள். தடுப்புகளின் மேல் ரப்பர் சரியாக உட்காரவில்லை. சாம்பார் சாதம் கொஞ்சம் தளர்வாக இருந்தால் சுண்டலுக்குள் இறங்கிவிடுகிறது, கெட்டியாகப் பிசைந்துதான் வைக்க வேண்டும். ரசம் சாதம் வைக்கவே முடியாது. வெளியே ஒழுகாது, உள்ளுக்குள்தான். ரப்பர் வளையத்தில் வெங்காய வாடை தங்குகிறது, வாரம் ஒரு முறை கழற்றி எலுமிச்சைத் தோலால் தேய்க்க வேண்டும். சூடு ஒரு மணி நேரம்கூட நிற்காது. காலியாகவே கனமாக இருக்கிறது, எட்டு வயதுப் பிள்ளையின் பைக்கு இந்தக் கனம் அதிகம்தான். ஒன்பதாவது வாரத்தில் ஒரு கொக்கி முறிந்தது. கடையில் பில்லைக் காட்டியும் மூடியைத் தனியாகத் தர மறுத்துவிட்டார்கள், முழுப் பாக்ஸாக வாங்கச் சொன்னார்கள். 780 ரூபாய் கொடுத்தவனுக்கு இது நியாயமில்லை. இப்போது அகலமான ரப்பர் பேண்ட் போட்டு அனுப்புகிறோம். தட்டு மட்டும் வாங்கிய நாளைப் போலவே பளபளவென்று இருக்கிறது, மூலைகள் வளைவாக இருப்பதால் கழுவுவதும் சுலபம்.

அக்டோபரில் மறுபடி ரத்தம் எடுத்தோம், 11.3. அது சிரப்பின் வேலை, பாக்ஸின் வேலை என்று சொல்ல மாட்டேன். ஆனால் தாளை நம்பி ஆலோசகரால் பேச முடிந்தது. பொரியலில் பாதி தினமும் கைமாறுகிறது என்று தெரிந்ததால், கீரையைக் காலை அடையில் கலந்து கொடுக்கச் சொன்னார். அடையை அவள் யாருக்கும் கொடுப்பதில்லை, வீட்டிலேயே சாப்பிட்டுவிடுகிறாள்.

வாங்கலாமா என்றால், பிள்ளையை நீங்களே பள்ளியிலிருந்து கூட்டிவந்து வழியிலேயே பேச முடிகிறவர்கள் வாங்குங்கள். இரவு எட்டு மணிக்குத்தான் பிள்ளையைப் பார்க்க முடியும் என்பவர்கள், கூட்டிவருகிற ஆயாவிடமோ பக்கத்து வீட்டு அக்காவிடமோ கேட்கச் சொல்லி ஒரு துண்டுத் தாளில் குறித்து வாங்குங்கள். கடையில் எடுக்கும்போது கொக்கி இரும்பில் இருக்கிறதா என்று பாருங்கள், பிளாஸ்டிக் கொக்கி வேண்டாம். பேரன் அடுத்த ஜூனில் எல்.கே.ஜி. போகிறான். அவனுக்கு இரண்டு கட்டம் வைத்ததாகப் பார்த்து வைத்திருக்கிறேன், இரும்புக் கொக்கி.