திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு: சி.எஸ்.ஐ. பிரெண்டு கூட உக்காந்து படிக்க வாங்கலாமா?

ஆர்.சி.ல (ரோமன் கத்தோலிக்க சபையில) இருக்கவங்க, சி.எஸ்.ஐ. இல்லாட்டி பெந்தகோஸ்து மாதிரி புரோட்டஸ்டண்ட் சபை பிரெண்டு கூட விசுவாசத்த பத்தி பேசணும்னா எந்த பைபிள கையில வச்சுக்கறதுன்னு தெரியாம பல பேர் தயங்குறாங்க. குன்னூர்ல எங்க பங்கு புக் ஸ்டால்ல வாங்குன திருவிவிலியம், 1995ல வந்த பொது மொழிபெயர்ப்பு, இந்த ஒரு வேலைக்கு எப்படி இருக்குன்னு மட்டும் எழுதுறேன். பூசை வாசகத்துக்கும் வீட்டு ஜெபத்துக்கும் இதத்தான் எல்லாரும் வச்சிருக்கோம், அத பத்தி புதுசா சொல்ல ஒண்ணுமில்ல.

மொதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, இது கத்தோலிக்கங்க மட்டும் உக்காந்து செஞ்ச மொழிபெயர்ப்பு இல்ல, புரோட்டஸ்டண்ட் சபை அறிஞர்களும் சேந்து உழைச்சது. எதிர்ல இருக்கவங்களுக்கு இத ஆரம்பத்துலயே சொல்லிடுங்க, "அது உங்க பைபிள், இது எங்க பைபிள்"ங்கற பேச்சு பாதி கொறஞ்சுடும்.

என் சி.எஸ்.ஐ. பிரெண்டு நாலு வீடு தள்ளி இருக்காங்க, என்ன விட மூத்தவங்க, அக்கான்னுதான் கூப்பிடுவேன். வசனம்னா அவங்களுக்கு தண்ணி பட்ட பாடு, எந்த சங்கீதத்த கேட்டாலும் கண்ண மூடிட்டே சொல்வாங்க. அவங்க என்கிட்ட கேட்ட மொத கேள்வியே "ஏம்மா, உங்க பைபிள்ல மட்டும் புத்தகம் கூட இருக்காமே, யாரும்மா சேத்தது?"ங்கறதுதான். எல்லாரும் கேக்குற கேள்விதான் இது, இங்கதான் இந்த பைபிளோட அமைப்பு ரொம்ப உதவியா இருந்துச்சு. பழைய ஏற்பாட்டுக்கும் புதிய ஏற்பாட்டுக்கும் நடுவுல இணைத் திருமுறைன்னு தனிப் பகுதியா தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக், பாரூக்கு, ரெண்டு மக்கபேயர், கூடவே எஸ்தர், தானியேல்ல வர்ற கூடுதல் பகுதி எல்லாம் வச்சிருக்காங்க. அவங்க பைபிளோட 66 புத்தகமும் அப்படியே இருக்கு, நம்மளோட மிச்சம் எதுன்னும் கண்ணுக்கு முன்னாடி தெரியுது, நம்ம 73 புத்தகத்துக்கு கணக்கு சொல்ல அட்டவணைய காட்டுனாலே போதும்.

யார் சேத்ததுன்னா, 393ல ஹிப்போ, 397ல கார்த்தேஜ்ல ஆயர்கள் கூடுன திருச்சபை சங்கங்கள் சொன்ன பட்டியல்லயே இந்தப் புத்தகங்க இருக்கு, 1546ல திரெந்து சங்கம் புதுசா எதையும் ஒட்ட வைக்கல, இருந்தத உறுதிப்படுத்துச்சு. புரோட்டஸ்டண்ட் சீர்திருத்தத்த ஆரம்பிச்ச லுத்தர் 1534ல போட்ட முழு பைபிள்லயும் இதுங்கள ரெண்டு ஏற்பாட்டுக்கும் நடுவுல வச்சுத்தான் அச்சடிச்சாரு, வேதத்துக்கு சமம் இல்ல ஆனா படிக்க நல்லதுன்னு. நம்ம ஊரு கதை இன்னும் அருமை, தரங்கம்பாடியில சீகன்பால்குக்கு அப்புறம் வந்த லுத்தரன் மிஷனரி சூல்ட்சே இதே புத்தகங்கள 1728லயே தமிழ்ல கொண்டு வந்துட்டாரு. அக்கா இத கேட்டுட்டு கொஞ்ச நேரம் ஒண்ணுமே பேசல.

அதுக்கப்புறம் யோவான் 10:22 எடுக்க சொன்னேன், எருசலேம்ல கோவில் அர்ப்பண விழா, அப்ப குளிர்காலம்னு இருக்கும். இயேசு அந்த விழா நேரத்துல கோவில்லதான் நடந்துட்டிருக்காரு, ஆனா அந்த விழா எப்படி வந்துச்சுன்னு அந்த 66 புத்தகத்துல தேடுனா கெடைக்காது, 1 மக்கபேயர் 4ம் அதிகாரத்துலதான் இருக்கு. எபிரேயர் 11:35ல உயிர்த்தெழுதல நம்பி சித்திரவதைய ஏத்துக்கிட்டவங்கன்னு வருதே, அது 2 மக்கபேயர் 7ல வர்ற அம்மாவையும் ஏழு புள்ளைங்களையும் அப்படியே நெனவுபடுத்துது. ரெண்டையும் மாத்தி மாத்தி சத்தமா படிச்சோம், அந்த அம்மா கடைசி மகன்கிட்ட பேசுற இடத்துல அக்கா கண்ணு கலங்கிடுச்சு.

ஆனா ஒண்ணு கண்டிப்பா சொல்லணும், இந்த கூடுதல் புத்தகத்துல இருந்து ஆதாரம் காட்டி வாதாடாதீங்க. உத்தரிக்கிற ஸ்தலத்துக்கு (செத்தவங்க சுத்தமாகுற நிலைன்னு நாம நம்புறது) நேரா 2 மக்கபேயர் 12க்கு போனா அவங்க ஏத்துக்காத புத்தகத்த வச்சே அவங்கள மடக்குற மாதிரி ஆயிடும், 1 கொரிந்தியர் 3:15ல ஆரம்பிங்க. இன்னும் நல்லது அவங்க பைபிளையே அவங்க கையில குடுத்து படிக்க சொல்றது. நாங்க யோவான் 6 அப்படித்தான் படிச்சோம், அவங்க பரிசுத்த வேதாகமத்துல அவங்க வாயாலயே "என் மாம்சம் மெய்யான போஜனமாயிருக்கிறது". நற்கருணைய பத்தி பேச இதுக்கு மேல என்ன வேணும்? ஆனா ஒரு வசனத்த மட்டும் எடுக்காம அதிகாரம் முழுக்க படிச்சாத்தான் வெயிட்டு தெரியும். கேட்டவங்க முணுமுணுக்குறாங்க, இயேசு இன்னும் அழுத்தமாத்தான் சொல்றாரு, 66ம் வசனத்துல சீஷர்கள்ல நெறைய பேர் விட்டுட்டு போயிடுறாங்க, அப்பவும் "நில்லுங்க, நான் உவமையாத்தான் சொன்னேன்"னு அவரு கூப்பிடல, பன்னிரண்டு பேர்கிட்டயும் நீங்களும் போறீங்களான்னுதான் கேக்குறாரு.

அக்கா சும்மா விடல, 63ம் வசனம் எடுத்தாங்க, "மாம்சமானது ஒன்றுக்கும் உதவாதுன்னு அவரே சொல்றாரேம்மா?" நல்ல கேள்வி. அங்க அவரு "என் மாம்சம்"னு சொல்லல, மனுஷ புத்தியால பாக்குறத சொல்றாரு, அவரோட மாம்சமே உதவாதுன்னா வார்த்தை மாம்சமானார்னு யோவான் 1:14ல படிக்கிறதுக்கும் சிலுவைக்கும் என்ன அர்த்தம்னு நான் கேட்டேன். கையோட 1 கொரிந்தியர் 11:27ம் படிச்சோம். அவங்க ஒத்துக்கல, ஆனா "இத நான் எங்க சபை ஐயர்கிட்ட கேக்குறேன்"னு குறிச்சு வச்சுக்கிட்டாங்க. எனக்கு அது பெரிய சந்தோஷம்.

மத்த விஷயம் எல்லாம் சீக்கிரம் முடிஞ்சுது. இயேசு பேதுருவுக்கு குடுத்த சாவிய பத்தி பேச மத்தேயு 16 கூட எசாயா 22:22 சேத்து படிங்க, தாவீது வீட்டு சாவிய எலியாக்கிமுக்கு குடுக்குற இடம். விசுவாசத்தோட கிரியையும் (நல்ல செயலும்) வேணுமாங்கறத பத்தி யாக்கோபு 2:24. மாதாவுக்கு லூக்கா 1 போதும், மங்கள வார்த்தை ஜெபத்தோட மொத பாதியே 28லயும் 42லயும் இருக்கு, எல்லாச் சந்ததிகளும் என்னைப் பாக்கியவதி என்பார்கள்னு 48ல மாதாவே சொல்றாங்க.

கஷ்டம்னா புத்தகப் பேருதான். அக்கா ஆதியாகமம்னா இதுல தொடக்கநூல், நடபடிகள்னா திருத்தூதர் பணிகள், தேடுறதுக்குள்ள பேச்சோட சூடு ஆறிடும், அதனால ரெண்டு பைபிள்லயும் இருக்கற பேருங்கள ஒரு அட்டையில எழுதி உள்ள வச்சிருக்கேன். முன்னுரையும் அடிக்குறிப்பும் இருக்கு ஆனா சுருக்கம், ஆழமா வேணும்னா ஃபாதர்கிட்டதான் போகணும்.

நம்ம மலைக்குன்னு ஒரு விஷயம், பேப்பர் மெல்லிசு, மழைக்கு ஈரம் ஏறி பக்கம் அலை அலையா ஆயிடும், ஜிப் கவர் போட்டு செவுத்துல சாயாம வைங்க. மொபைல்ல இலவசமாவே படிக்கலாம், ஆனா ரெண்டு பேரு ஒண்ணா உக்காந்து பென்சில்ல கோடு போட்டு படிக்க புத்தகம்தான் வசதி. வாங்குறப்ப கடையிலயே பிரிச்சு எழுத்து சைஸ பாத்துக்கோங்க, மூத்தவங்க கூட படிக்கிறதா இருந்தா கையடக்க சைஸ் வேண்டாம்.