கொல்லிமலை இறக்கத்துல கேபிள் டிஸ்க் பிரேக்: ரொம்ப நாள் ஓட்டின அனுபவம்

நாமக்கல் பக்கம் இருக்கறதால காரவள்ளியில இருந்து ஏறுற கொல்லிமலை ரோடுதான் எனக்கு வழக்கமான சைக்கிள் ரூட்டுங்க. 70 கொண்டை ஊசி வளைவு, ஏறினா இறங்கித்தானே ஆகணும், அதனால பிரேக் பத்தி கொஞ்சம் விவரமாவே சொல்றேன். முன்னாடி வி பிரேக் சைக்கிள், அதாவது ரெண்டு பக்கமும் ரப்பர் கட்டை ரிம்ம அமுக்கற பிரேக். இப்போ 160 எம்எம் ரோட்டர் (வீல் நடுவுல சுத்தற மெட்டல் தட்டு) போட்ட கேபிள் டிஸ்க், கேபிள் இழுத்தா பேட் வந்து அந்த தட்ட அமுக்கும்.

காஞ்ச ரோட்டுல ரெண்டுக்கும் பெருசா வித்தியாசம் தெரியல. மழையிலதான் தெரியுது, வி பிரேக்ல ரிம்ல இருக்கற தண்ணிய கட்டை வழிச்சு எடுக்கற வரைக்கும் பிடிக்கவே பிடிக்காது, டிஸ்க்ல அந்த பயம் ரொம்ப கம்மி.

ஆனா எந்த பிரேக்கா இருந்தாலும் வண்டிய நிறுத்தறது முன் பிரேக்தான். முன் பிரேக்க புடிச்சா குப்புற விழுந்துருவன்னு சின்ன வயசுலயே சொல்லி வெச்சிடறாங்க, அதனால நிறைய பேர் பின் பிரேக்க மட்டும் நம்பி இறங்கறாங்க, பார்க்கவே எனக்கு பதறும். பிரேக் புடிச்ச உடனே வெயிட் முன் வீலுக்கு போயிடும், பின் வீல் லேசாகிடும், அத மட்டும் அழுத்தினா ஸ்கிட் அடிக்குமே தவிர சீக்கிரம் நிக்காது. டக்குனு இழுக்காம ஒரு விரல் ரெண்டு விரல்ல படிப்படியா அழுத்துங்க, கூடவே இடுப்ப பின்னாடி தள்ளி, பெடல் ரெண்டும் சமமா வெச்சு, கைய நல்லா ஊன்றிக்கோங்க. பின் வீல் தூக்கற மாதிரி தோணினா முன் லீவர கொஞ்சம் விட்டா போதும்.

வேகத்த வளைவுக்கு முன்னாடியே, வண்டி நேரா இருக்கும்போதே குறைச்சிடணும். சாய்ஞ்சுட்டு மணல் மேல முன் பிரேக் புடிச்சா அவ்வளவுதான், வீல் வழுக்கிடும்.

இன்னொன்னு, இறக்கம் முழுக்க லேசா புடிச்சுக்கிட்டே வராதீங்க. ரோட்டர் சூடாகி பேட் கண்ணாடி மாதிரி மழமழன்னு ஆகிடும், அப்புறம் கத்தும், பிடிக்காது. அழுத்தி வேகத்த குறைங்க, விடுங்க, காத்துல ஆறட்டும்.

மெயின்டனன்ஸ்னு பார்த்தா, என் காலிப்பர்ல (பேட் ரெண்டும் உக்காந்திருக்கற பாகம்) ஒரு பக்க பேட் மட்டும்தான் அசையும், அதனால தேயத் தேய கேபிள டைட் பண்ற பேரல் அட்ஜஸ்டர மட்டும் திருகினா பத்தாது, உள்பக்க பேடையும் நெருக்கி வைக்கணும். செயின் ஸ்ப்ரே ரோட்டர்ல படவே கூடாது. புது பேட் மாத்தினா மலைக்கு போறதுக்கு முன்னாடி காலி ரோட்டுல ஒரு 20 தடவை வேகம் எடுத்து ஸ்லோ பண்ணி பழக்கிடுங்க. மெட்டல் பேட் அதிக நாள் வருதுன்னு மாறப் போறீங்கன்னா முதல்ல ரோட்டர பாருங்க, ரெசின் (பிசின் கலவை) பேட் மட்டும்னு அதுல போட்டிருந்தா மெட்டல் போடாதீங்க, ரோட்டர் சீக்கிரம் தேஞ்சிடும்.